மறு: சோமாஸ்கந்தர் மெருகு நிதி – பணம் அனுப்புமுன்

சங்க உறவுகளுக்கு வணக்கம். நம் ஊர்க் கோயில் உற்சவர் சோமாஸ்கந்தருக்கு (சிவன், அம்பாள், நடுவில் குழந்தை ஸ்கந்தர் சேர்ந்த செப்புச் சிலை) மெருகு போட நிதி கேட்டு வந்த மடலுக்கு இது பதில்.

அத்தை தை மாசம் எடுத்த படத்தைப் பெரிதாக்கிப் பார்த்தேன். அம்பாளின் மடித்த காலும் பீடமும் சேருகிற இடுக்கில் வெளிர்பச்சைத் தூள் இருக்கிறது. களிம்பு என்று பொதுவாகச் சொல்லிவிடுகிறோம், ஆனால் களிம்பில் இரண்டு ரகம் உண்டு. கரும்பச்சையாக, வழவழவென்று, இறுக ஒட்டியிருப்பது சிலைக்குக் கவசம். வெளிர்பச்சையாக மாவு மாதிரி உதிர்வது நோய். உள்ளே செம்போடு சேர்ந்த குளோரைடு இருக்கிறது. ஈரமும் காற்றும் பட்டால் அமிலம் பிறக்கும், அமிலம் புதுச் செம்பைத் தின்னும், மறுபடி குளோரைடு. துடைத்துவிட்டாலும் சில நாளில் அதே இடத்தில் திரும்ப வந்து நிற்கும். உப்பு எங்கிருந்து என்றால் பால், தயிர், இளநீர் எல்லாவற்றிலும் இருக்கிறது. நம் கோயில் கிணற்றைப் பற்றிச் சொல்லவே வேண்டாம்.

இதைப் புளியும் செங்கல்பொடியும் போட்டுத் தேய்க்கத்தான் இப்போது நிதி கேட்கிறார்கள். புளி, நல்ல களிம்பையும் சேர்த்து எடுத்துவிடும். செங்கல்பொடி வேலைப்பாட்டையே எடுத்துவிடும்.

வேலைப்பாடு போனால் என்ன என்று சித்தப்பா கேட்பார். போன மடலில் "மியூசியக்காரனுக்கு சாமியும் பொம்மைதான்" என்று எழுதியவரும் அவர்தான். சி. சிவராமமூர்த்தி மியூசியக்காரர்தான். சென்னை அருங்காட்சியகத்தில் காப்பாளராக இருந்து, கல்கத்தா போய், கடைசியில் தில்லி தேசிய அருங்காட்சியகத்துக்கே இயக்குநர் ஆனவர். அதோடு சைவப் பேரறிஞர் அப்பய்ய தீட்சிதர் வம்சம். சமஸ்கிருதம் கரைத்துக் குடித்துவிட்டுச் சிலைக்கு வந்தவர், சித்தப்பா. 1942-இல் அமராவதிச் சிற்பங்கள், 1963-இல் தென்னிந்தியச் செப்புத் திருமேனிகள், 1974-இல் நடராஜர் என்று எதை எழுதினாலும் சிலையையும் சுலோகத்தையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துத்தான் பார்ப்பார். கோட்டுப்படங்களும் அவர் கையாலேயே.

பூணூல் வலக்கை மேல் ஏறிப் போகிறதா, மார்போடு இறங்கி இடுப்புக்குப் போகிறதா? ஏறிப் போனால் பல்லவர் காலத்தை யோசிக்கலாம். தலைக்குப் பின்னால் சிரச்சக்கரம் எப்படி இருக்கிறது, தோளில் சடை எப்படி விழுகிறது? கல்வெட்டு இல்லாத சிலைக்கு வயது சொல்ல அவருக்கு இருந்த சாட்சி இவைதான். திருவெண்காட்டு ரிஷபவாகனருக்குக் கல்வெட்டே 1011 என்று சொல்கிறது. அந்தக் கொடுப்பினை எல்லாச் சிலைக்கும் இல்லை. நெல்மணி அளவு பூணூல் முடிச்சு செங்கல்பொடிக்கு எத்தனை நாள் தாங்கும்? தேய்த்துத் தேய்த்து முகம் மழுங்கி, கண்ணை மறுபடி உளியால் திறந்த சிலைகள் எத்தனையோ கோயிலில் இருக்கின்றன.

பட்டறைக்கு அனுப்பிச் சரிபண்ணலாம் என்ற யோசனை இதைவிட மோசம். 1951-இல் மண்ணிலிருந்து கிடைத்த சிவபுரம் நடராஜர் பழுதுபார்க்கத்தான் வெளியே போனார். திரும்பி வந்தது நகல். பிரிட்டிஷ் மியூசியத்து டக்ளஸ் பாரெட், கோயிலில் இருப்பது நகல் என்று 1965-இல் எழுதிய பிறகுதான் விஷயம் வெளியே வந்தது. அசலை 1973-இல் கலிபோர்னியாவைச் சேர்ந்த சேகரிப்பாளர் நார்ட்டன் சைமன் 9 லட்சம் டாலருக்கு வாங்கினார். இந்தியாவுக்கு வந்தது 1986-இல்.

அசலின் மேல் அச்செடுத்து வார்த்தால் மெழுகும் உலோகமும் ஆறும்போது சுருங்கும். 60 செ.மீ. சிலை ஒரு செ.மீ. போலக் குறையலாம். ஆனால் அசலை முன்பே அளந்து வைத்திருந்தால்தானே குறைந்தது தெரியும்!

அதனால் முதல் செலவு அளவுக்கும் படத்துக்கும். கோயில் செயல் அலுவலரிடம் எழுத்தில் அனுமதி வாங்கி, அவர் முன்னிலையில், அர்ச்சகர் கையால் அலங்காரம் களைந்து எடுக்க வேண்டும். முன், பின், இரண்டு பக்கம், பீடத்தின் அடி. ஒவ்வொரு படத்திலும் அளவுகோல் தெரிய வேண்டும். உயரம் பீடத்தோடும் பீடமில்லாமலும் மில்லிமீட்டரில், பிறகு எடை, பீடத்துத் துளைகள், எழுத்து இருந்தால் அதற்குத் தனிப் படம். ஸ்கந்தர் தனி வார்ப்பா என்று பார்த்து எழுதுங்கள், முதலில் காணாமல் போகிறவர் அவர்தான். ஒடிந்த விரல், வார்ப்பில் விழுந்த குழி, ஒட்டுப்போட்ட தழும்பு இவற்றைக் கிட்டத்தில் எடுங்கள். சிலைக்கு அங்க அடையாளம் அதுதான். படங்கள் ஐந்து நாட்டில் ஐந்து பேரிடம் இருக்கட்டும், நாம் சிதறிக் கிடப்பதற்கு ஒரு பிரயோஜனம். திருட்டுப் போன ஸ்ரீபுரந்தான் நடராஜரை 2008-இல் ஆஸ்திரேலிய தேசியக் கலைக்கூடம் 50 லட்சம் அமெரிக்க டாலர் கொடுத்து வாங்கியது. அவர் நம்மவர்தான் என்று காட்டியது பாண்டிச்சேரி பிரெஞ்சு நிறுவனத்தில் கிடந்த பழைய கருப்பு வெள்ளைப் படம். 2014-இல் வந்து சேர்ந்தார்.

நோய்க்கு வைத்தியம் அறநிலையத் துறை வழியாக மட்டும். சென்னை அருங்காட்சியகத்தில் 1930-இலிருந்தே இதற்கு ஆய்வுக்கூடம் இருக்கிறது. வழக்கமான முறை: சோடியம் செஸ்குவிகார்பனேட் என்கிற கார உப்பின் 5 சதவீதக் கரைசலில் வாரக்கணக்கில் ஊறவைத்து, குளோரைடு வெளிவருவது நிற்கும்வரை கரைசலை மாற்றிக்கொண்டே இருப்பது. பிறகு காய்ச்சி வடித்த நீரில் அலசி, ஈரம் துளியும் இல்லாமல் உலர்த்தி, ஆல்கஹாலில் கரைத்த 3 சதவீத பென்சோட்ரையசோல் (செம்பு அரிப்பைத் தடுக்கும் மருந்து), அதன்மேல் அக்ரிலிக் பூச்சு. வீட்டில் செய்கிற வேலை இல்லை, மருந்தில் நஞ்சு உண்டு. அந்தப் பூச்சு பாலுக்கும் எண்ணெய்க்கும் நிற்காது. ஆகவே அபிஷேகம் மூலவருக்கு மட்டும், உற்சவருக்குப் பூவும் வஸ்திரமும் போதும் என்பது என் கருத்து.

– மேலத்தெரு, டொரண்டோ

*

அபிஷேகத்தை நிறுத்தச் சொல்ல மேலத்தெருவுக்கு வாய் எப்படி வந்தது? தேர் முட்டுச்சந்தில் நின்ற வருஷம் யார் வீட்டு ஆட்கள் தோள் கொடுத்தார்கள் என்று உன் அப்பாவிடம் கேள். தைப்பூசத்தன்று தீபாராதனையில் அந்த முகம் மின்னுவதைப் பார்க்கத்தான் நாங்கள் டிக்கெட் போட்டு வருகிறோம். மெருகு போட்டே ஆகணும்.

– சித்தப்பா, கோலாலம்பூர்

*

தம்பி எழுதியது சரி, தொழில்நுட்பத்துக்குள் நான் போகவில்லை. ஆனால் மெருகு நிதி என்று தலைப்புப் போட்டு வாங்கிய பணத்தைப் படம் எடுக்கச் செலவழிக்க முடியாது. கொடுத்த 23 பேருக்கும் எழுதிக் கேட்க வேண்டும், வேண்டாம் என்பவருக்குத் திருப்ப வேண்டும். வடக்கயிறு வாங்கிய மீதி இன்னும் வரவில்லை. அது யாரிடம் இருக்கிறது என்று சித்தப்பாவுக்கே தெரியும். அது வரும்வரை புதிய ரசீதுப் புத்தகம் கிடையாது.

– பொருளாளர்