பாலிஹவுஸ் (பிளாஸ்டிக் கூரைக் குடில்) வெள்ளரியில் செஞ்சிலந்திப் பேன்: பட்டவங்க எழுதுங்க

கோட்டையூர்க்காரன்:
பங்குனிக் கடைசி. விதையில்லா ரகம், அஞ்சாவது பறிப்பு. இலையெல்லாம் ஊசியால குத்தினாப்புல வெளிறிப் போச்சு. சத்துக் குறைன்னு நெனச்சு மெக்னீசியம் விட்டேன். கடையில இமிடாகுளோபிரிட்னு ஒரு பூச்சிமருந்து குடுத்தாக, அதையும் அடிச்சேன். அதுக்கப்புறம்தான் கூடுச்சு.

ஒருநாள் காலையில அப்பத்தா உள்ள வந்தாக. ரெண்டு கண்ணுலயும் புரை. ஒரு இலையைப் பிடிச்சு அடிப்பக்கமா விரலை ஓட்டிட்டு, "என்ன அப்பு, நூலாம்படையால்ல ஒட்டுது"ன்னாக. திருப்பினா வலை, அதுக்குள்ள ஊர்ற புள்ளி. தினம் ரெண்டு வேளை அந்த வரிசையில நடந்தவன் நான். ஒரு இலையைத் திருப்பல. கொடி பூராம் பிடுங்கியாச்சு. அந்த விரல் மட்டும் கண்ணுலயே நிக்கிது.

தேவகோட்டை ரஸ்தா:
மருந்துக் கடையை மட்டும் சொல்லாதீக. எனக்கு வந்தது என் கத்தரிக் கொல்லையிலருந்து. கத்தரி பறிச்ச ஆளுக அப்படியே குடிலுக்குள்ள வருவாக. ஒரு அம்மா சேலைக்கு மேல போட்டிருந்த வெள்ளைச் சட்டையில, தோள்ல மிளகாத்தூள் சிந்தினாப்புல இருந்துச்சு. தட்டிவிடப் போனேன். தூள் நடந்துச்சு. வாசல் பக்கத்து வரிசை ஏன் முதல்ல காஞ்சுச்சுன்னு அப்பத்தான் புரிஞ்சது.

புதுவயல் விவசாயி:
எனக்குச் சித்திரையில நாலு வரிசை போச்சு, அவ்வளவுதான். ஆனா ரஸ்தாக்காரர் சொல்றது பாதி. ஆள் மேல மட்டுமில்ல, நூல் விட்டுக் காத்துலயும் வரும், நாத்தோடயும் வரும். கடைக்காரர் குடுத்ததும் தப்புதான். இது எட்டுக்கால் பிராணி, பூச்சியில்ல. இமிடாகுளோபிரிட் இதைக் கொல்லாது. அடிச்ச செடியில முட்டை கூடுறதும் உண்டு. நம்ம ஊர்ச் சூட்டுக்கு, 30 டிகிரியில, முட்டை முழுப் பேனாக ஒரு வாரம் போதும். அதனால வாரம் ரெண்டு தடவை வெள்ளைத் தாளை அடியில பிடிச்சு இலையைத் தட்டுங்க. 10 மடங்கு லென்ஸ் ஒண்ணு சட்டைப்பையில கிடக்கட்டும். தாக்கின இலையைச் சாக்குல போட்டுக் கட்டி வெளிய கொண்டுபோங்க, வரிசை வழியா இழுத்துட்டுப் போகாதீக. எது அடிச்சாலும் இலைக்கு அடியில படணும். நனையும் கந்தகத்தை (தண்ணியில கலக்குற கந்தகத்தூள்) வெயில் நேரத்துல அடிச்சா வெள்ளரி இலை கருகிரும். வேப்பெண்ணெய்க் கரைசல்னாலும் சாயங்காலந்தான். ஒரே பேன் மருந்தைத் திரும்பத் திரும்ப அடிச்சா கேக்காது, வகையை மாத்துங்க. சந்தேகம்னா குன்றக்குடி வேளாண் அறிவியல் நிலையத்துக்கு இலையோட போங்க.

ரஸ்தா:
காத்துல வந்திருந்தா எல்லா வரிசையும்ல காஞ்சிருக்கணும்? எனக்கு வாசல்லதான் ஆரம்பிச்சது. இப்ப உள்ள போறவுகளுக்குத் தனிச் சட்டை வச்சிருக்கேன்.

கோட்டையூர்க்காரன்:
நான் மருந்து கேக்கலண்ணே. ஆனா நாளைக்கு நாத்து இறக்குறேன். வேப்பெண்ணெயோட காதி சோப்பு கலக்குறதா, மீன் எண்ணெய் சோப்பா?