அப்பாவின் பேச்சை மீட்க வழி சொல்லுங்கள்

அனைவருக்கும் வணக்கம். மூன்று மாதங்களுக்கு முன் அப்பாவுக்குப் பக்கவாதம் வந்தது. அடைப்பு மூளையின் இடப்பக்கத்தில். செயலிழந்ததோ வலது கையும் காலும். மூளையிலிருந்து இறங்கும் இயக்க நரம்பிழைகளில் பெரும்பகுதி மூளையின் அடிப்பகுதியான முகுளத்தில் பக்கம் மாறித்தான் தண்டுவடத்துக்குள் போகின்றன என்று மருத்துவர் படம் வரைந்து காட்டியபோதுதான் எனக்கு விளங்கியது.

கை மெல்லத் தேறிவருகிறது. பேச்சுதான் வரவில்லை. மூளையின் முன்பகுதியான நெற்றி மடலில், இடப்பக்கத்தில், 1861இல் பிரோக்கா என்ற பிரெஞ்சு மருத்துவர் அடையாளம் கண்ட பேச்சுப் பகுதி பாதிக்கப்பட்டிருக்கிறதாம். நாங்கள் சொல்வது பெரும்பாலும் அவருக்குப் புரிகிறது. நேற்று தண்ணீர்த் தம்ளரைக் காட்டி "த... த..." என்று திணறியவர், கண் கலங்கி முகத்தைத் திருப்பிக்கொண்டார். ஆனால் அம்மா முருகன் பாட்டை எடுத்தால் கூடவே இரண்டு வரி தடையில்லாமல் பாடுகிறார்!

அந்தப் பாட்டைப் பிடித்துக்கொண்டே பேச்சுக்குக் கொண்டுவர முடியுமா? எங்கள் ஊரில் பேச்சுப் பயிற்சியாளர் வாரம் ஒருநாள்தான் வருகிறார். மற்ற நாட்களில் வீட்டில் எவ்வளவு நேரம், எந்தச் சொற்களில் தொடங்கலாம்? இதைக் கடந்துவந்த குடும்பத்தினரும் இத்துறையில் இருப்பவர்களும் தயவுசெய்து எழுதுங்கள். தமிழில் பட அட்டைகள் இருந்தால் பகிருங்கள், உடனே அச்செடுத்துக்கொள்கிறேன்.