கொழும்பும் கடற்கரையும்: மலையிலிருந்து எந்த மாதத்தில் இறங்கலாம்?

கேள்வி – கோத்தகிரிவாசி

அனைவருக்கும் வணக்கம். உதகையில் நான்கு அறைகள் கொண்ட காட்டேஜ் ஒன்றை நானும் என் கணவரும் நடத்தி வருகிறோம். ஊரெல்லாம் வெயிலுக்கு அஞ்சி மலையேறும் ஏப்ரல், மே மாதங்கள்தான் எங்களுக்குச் சீசன் என்பதால், மற்றவர்கள் விடுமுறையைக் கழிக்கும் நாட்களில் நாங்கள் படுக்கை விரிப்புகளை மாற்றிக்கொண்டிருப்போம். இந்த முறை எப்படியாவது ஒரு வாரம் இலங்கைக்குச் சென்று, கொழும்பில் இரண்டு நாளும் ஏதேனும் ஒரு கடற்கரையில் நான்கு நாளும் தங்கிவர எண்ணியுள்ளோம். விசாரித்தவர்கள் எல்லாரும் டிசம்பர் முதல் மார்ச் வரை செல்வதே நல்லது என்கிறார்கள். டிசம்பர் கடைசியில் எங்கள் அறைகள் நிரம்பிவிடும். ஜனவரிக்குப் பின் பத்தாம் வகுப்புப் படிக்கும் மகனைப் பள்ளியிலிருந்து அசைக்க முடியாது. எழுபது வயதான என் மாமியாரும் உடன் வருகிறார். எங்கள் வீட்டில் மின்விசிறியே கிடையாது என்பதிலிருந்து அவருக்கு வெயில் எவ்வளவு பழக்கம் என்று ஊகித்துக்கொள்ளலாம். மகனுக்கோ கடலில் இறங்கிக் குளிக்க வேண்டும். மற்ற மாதங்களில் போவது வீண் செலவா?

பதில் 1 – கூடலூர் அன்பர்

வீண் செலவு இல்லை, சகோதரி. 1964-இல் இந்தியாவும் இலங்கையும் செய்த சிறிமா–சாஸ்திரி ஒப்பந்தத்தின்படி தாயகம் திரும்பிய குடும்பம் எங்களுடையது. இலங்கை மலையகத்தில் அட்டன் பக்கத்தில் இன்னும் உறவினர்கள் இருப்பதால் பல மாதங்களில் அங்கே சென்றிருக்கிறேன். உங்களிடம் சொன்னவர்கள் கொழும்பு, காலி, மிரிஸ்ஸ ஆகிய மேற்கு, தெற்குக் கரைகளை மட்டும் மனத்தில் வைத்துச் சொல்லியிருப்பார்கள்.

நம் மாவட்டத்தையே எண்ணிப் பாருங்கள். ஜூலையில் மேற்குப் பக்கம் உள்ள தேவாலாவில் போட்ட துணி ஒரு வாரமானாலும் காயாது. அதே நாளில் கோத்தகிரியில் வெயில் அடிக்கும். 2019 ஆகஸ்ட் 8 அன்று அவலாஞ்சியில் ஒரே நாளில் 82 செ.மீ. மழை பதிவானபோது, கிழக்குச் சரிவில் இருந்தவர்களுக்கு அந்த அளவு மழை இல்லை. நவம்பரில் நிலைமை தலைகீழாகிறது: குன்னூர்ப் பாதையில் மண் சரிந்து மலை ரயில் நிற்கும், எங்கள் பக்கம் வானம் தெளிந்துவிடும். இலங்கையிலும் நடுவில் மலை நிற்பதால் இதே கதைதான். மே முதல் செப்டம்பர் வரை தென்மேற்குப் பருவக்காற்று மேற்குக் கரையை நனைத்துக் கடலைக் கொந்தளிக்க வைக்கும்போது, கிழக்கே திருகோணமலையில் நிலாவெளி, உப்புவெளிக் கடல் குளம்போல் அமைதியாக இருக்கும். ஆகவே எந்த மாதம் என்று கேட்பதைவிட, உங்களுக்குக் கிடைக்கும் மாதத்தில் எந்தக் கரை என்று கேட்பதே சரி. ஆகஸ்டில் திருகோணமலைக்குச் செல்லுங்கள்.

பதில் 2 – குன்னூர்க்காரர்

கூடலூர் நண்பர் சொன்ன காரணம் சரி. அதை அறியாமல் பட்டவன் நான். கட்டணம் பாதியாகக் கிடைத்த மகிழ்ச்சியில் ஒரு ஜூன் மாதம் காலிக்கு வடக்கே ஒரு விடுதியில் அறை எடுத்தோம். கடற்கரையில் சிவப்புக் கொடி நட்டிருந்தார்கள். அலை அறையின் படிக்கட்டு வரை வந்து மணலைக் கொட்டிவிட்டுப் போயிற்று. நான்கு நாளும் சன்னல் வழியாகத்தான் கடலைப் பார்த்தோம். ‘கடல் சற்றே சீற்றமாக இருக்கும்’ என்று விடுதிக்காரர் முன்பே சொல்லியிருந்தார். அந்தச் ‘சற்றே’க்கு என்ன பொருள் என்று எனக்குத்தான் விளங்கவில்லை.

ஒன்றைச் சேர்க்க விரும்புகிறேன். கொழும்பில் வெப்பத்தைப் பார்த்து மாதம் தேர்வது பயனற்றது. ஆண்டு முழுவதும் பகலில் ஏறத்தாழ 30 முதல் 32 டிகிரிதான். மாறுவதெல்லாம் மழையும் கடலும் மட்டுமே. பிப்ரவரியில் அங்கே மழை குறைவு. அக்டோபர், நவம்பரில் மிக அதிகம். நவம்பரை நினைக்கவே வேண்டாம். 2025 நவம்பர் இறுதியில் டிட்வா புயல் இலங்கையை என்ன பாடு படுத்தியது என்பது நம் நினைவில் இருக்கிறது.

பதில் 3 – கொடைக்கானலிலிருந்து

பெரியவரையும் உடன் அழைத்துச் செல்வதால் ஆகஸ்டைப் பற்றி எனக்குத் தயக்கம் உண்டு. தென்மேற்குக் காற்று நுவரெலியா மலைகளில் மழையைக் கொட்டிவிட்டுக் கிழக்கே இறங்கும்போது வறண்டு சூடாகிவிடுகிறது. கிழக்குக் கரையில் அதைக் கச்சான் காற்று என்கிறார்கள். அது வீசும் நாளில் 35 டிகிரி என்பது சாதாரணம்; உதடு வெடித்து, மதியத்தில் மணலில் கால் வைக்க முடியாமல் போகும். பழனி வெயிலுக்கே முணுமுணுக்கும் நாங்கள் அங்கே காலை ஒன்பது மணிக்குள் வெளி வேலைகளை முடித்துக்கொண்டு, மாலை நான்கு வரை குளிர்சாதன அறையில் கிடந்தோம்.

உங்களுக்கு ஏற்றது செப்டம்பர் இறுதியில் வரும் காலாண்டு விடுமுறை என்று நினைக்கிறேன். வெப்பம் பெரிதாகக் குறைந்துவிடாது என்றாலும் கச்சான் தளர்ந்திருக்கும். வடகிழக்கு மழை கிழக்குக் கரையை இன்னும் எட்டியிருக்காது. நிலாவெளிக்கு எதிரே உள்ள புறாத்தீவில் பவளப்பாறை பார்க்கப் படகும் பெரும்பாலும் ஓடும். கொழும்பில் மாலை மழை தொடங்கியிருக்கலாம்; நகரத்துக்கு அது பெரிய இடைஞ்சல் இல்லை. மழையின்போது அருங்காட்சியகம், விட்டபின் காலிமுகத் திடலில் இறால் வடை என்று வைத்துக்கொள்ளுங்கள். ஆனால் அந்தப் பக்கக் கடலில் பையனை இறக்க வேண்டாம். பௌர்ணமி நாள் அங்கே போயா விடுமுறை என்பதையும் பார்த்துத் தேதி குறியுங்கள், வங்கிகள் அடைத்திருக்கும்.

கோத்தகிரிவாசி

மூவருக்கும் நன்றி. காலாண்டு விடுமுறை எங்கள் கண்ணில் படாமலே போனதற்குக் காரணம், ஆயுத பூசைக் கூட்டத்தை எண்ணி அந்த நாட்களை முன்கூட்டியே காட்டேஜுக்கு ஒதுக்கிவிடும் பழக்கம்தான். இம்முறை அறைகளை நாத்தனார் பார்த்துக்கொள்வதாகச் சொல்லிவிட்டார். முதலில் திருகோணமலை, பிறகு கொழும்பு என்ற வரிசை சரியா, அல்லது மாற்ற வேண்டுமா?

கூடலூர் அன்பர்

அதே வரிசையில் வையுங்கள். கிழக்கே மழை சற்று முந்தினாலும் கடல் நாட்கள் கையைவிட்டுப் போகாது. சாலை வழி ஏறத்தாழ 260 கிலோமீட்டர் என்பதால், வந்து இறங்கிய இரவைக் கொழும்பில் கழித்துவிட்டு விடியற்காலையில் புறப்படுவது மாமியாருக்கு நல்லது. திருகோணமலையில் கோணேஸ்வரம் கோயிலுக்கு மட்டும் காலை ஆறரைக்கே செல்லுங்கள். பிரெடரிக் கோட்டைக்குள் ஏறும் அந்தச் சாலையில் அப்போது நிழல் இருக்கும். புள்ளிமான்கள் வழியோரத்திலேயே படுத்திருக்கும்.