பழைய ரெய்டு கார்டா, லினக்ஸின் சாஃப்ட்வேர் ரெய்டா?

நண்பர்களே, வணக்கம். எங்கள் அச்சகத்துக்கு ஒரு பழைய டவர் சர்வர் வாங்கியிருக்கிறோம். 4 டிபி ஹார்டு டிஸ்க் இரண்டு. ரெய்டு 1 (ஒரே தரவை இரண்டு டிஸ்கிலும் எழுதும் மிரரிங் முறை) போட்டு, ஒரு டிஸ்க் போனாலும் வேலை நிற்காமல் இருக்க வேண்டும். பத்து வருடத்து வாடிக்கையாளர் கோப்புகள் அதில்தான் இருக்கப் போகின்றன. அதனால் தவறான முடிவு எடுத்துவிடுவோமோ என்று பயமாக இருக்கிறது.

கடைக்காரர் இந்த வேலையைத் தானே பார்த்துக்கொள்ளும் ஒரு பழைய ரெய்டு கார்டைக் குறைந்த விலைக்குத் தருகிறார். ஆனால் அதன் கேஷுக்கான (டிஸ்கில் எழுதும் முன் தரவைத் தற்காலிகமாக வைக்கும் நினைவகம்) பேட்டரி செத்துவிட்டது. பேட்டரி இல்லாமல் மின்சாரம் போனால் எழுதாத தரவு அழிந்துவிடும் என்பதால் ரைட்-பேக் கேஷை (முதலில் கேஷில் வைத்து, பிறகு டிஸ்கில் எழுதும் முறை) நம்ப முடியாது, அப்புறம் அந்தக் கார்டால் என்ன லாபம்? கார்டே பழுதானால் அதே வகைக் கார்டைத் தேடி அலைய வேண்டும். லினக்ஸே இந்த வேலையைச் செய்யும் சாஃப்ட்வேர் ரெய்டு என்றால் டிஸ்கைக் கழற்றி வேறொரு லினக்ஸ் கணினியில் மாட்டிப் படித்துவிடலாம். வெறும் மிரரிங்குக்கு சிபியு சுமையும் பெரிதாக இல்லை. என் மனம் அந்தப் பக்கம்தான் சாய்கிறது.

தயக்கம் ஓரிடத்தில்தான். பூட் ஆகும் டிஸ்கே போய்விட்டால்? கிரப் (லினக்ஸைத் தொடங்கி வைக்கும் நிரல்), யூஇஎஃப்ஐ பார்டிஷன் (கணினி பூட் ஆகும்போது அந்த நிரலைத் தேடும் டிஸ்க் பகுதி) இரண்டையும் இரு டிஸ்கிலும் வைத்தவர்கள் யாராவது இருக்கிறீர்களா? எப்படிச் செய்தீர்கள்? ஒன்றைக் கழற்றிவிட்டுச் சோதித்துப் பார்த்தீர்களா? வாரம் ஒருமுறை வெளி டிஸ்கில் பேக்கப் எடுக்கிறோம், அதை விடப்போவதில்லை.

திங்கட்கிழமைக்குள் கடைக்காரருக்குப் பதில் சொல்ல வேண்டும்.