வாழும் வரலாற்று அருங்காட்சியகங்கள்: எந்த நாளில் போனீர்கள், யாரைச் சந்தித்தீர்கள்?

பழைய காலத்து வேலைகளை ஆட்கள் நேரில் செய்துகாட்டும் அருங்காட்சியகங்களின் அடுத்த பருவத்துக்கான நிகழ்ச்சிப் பட்டியல்கள் ஒவ்வொன்றாக வெளிவரத் தொடங்கிவிட்டன. பயணத் திட்டம் போடுகிறவர்களுக்கு உதவும் என்றுதான் இந்த இழையை ஆரம்பிக்கிறேன். எந்த இடம், எந்த நாள், அங்கே யாரிடம் பேசினீர்கள் என்று எழுதுங்கள். கட்டடங்களின் படம் எங்கே தேடினாலும் கிடைக்கும். அங்கே வேலை செய்துகொண்டிருந்த ஆட்களைப் பற்றிச் சொல்லுங்கள்.

முதலில் நான். அமெரிக்காவின் வர்ஜீனியா மாநிலத்தில் இருக்கும் கொலோனியல் வில்லியம்ஸ்பர்க். 1926இல் கோடீஸ்வரர் ராக்ஃபெல்லரின் பணத்தில் மீட்டெடுக்கத் தொடங்கிய 18ஆம் நூற்றாண்டு ஊர் அது. நான் முதன்முறை போனது ஜனவரியில். செங்கல் களத்தில் ஓர் ஆள்கூட இல்லை. உறைபனிக் காலத்தில் சுடாத பச்சைக்கல் அறுக்க முடியாது என்பது எனக்கு அப்போது தோன்றவில்லை. தெருக்களைச் சுற்றிவிட்டுத் திரும்பிவிட்டேன்.

இரண்டாவது முறை ஜூலையில் மகளோடு போனேன். களத்தில் களிமண் குழி நிறைய சேறு. செருப்பைக் கழற்றிவிட்டு இறங்கச் சொன்னார்கள். மண்ணும் நீரும் கட்டியில்லாமல் சேரும்வரை மிதிக்க வேண்டும். வருகிறவர்களின் கால்தான் அங்கே கருவி. மகள் முழங்கால்வரை சேற்றோடு ஏற மறுத்தாள். பக்கத்து மேசையில் ஒருவர் கல் அறுத்துக்கொண்டிருந்தார். மர அச்சின் உட்புறத்தில் மணலைத் தூவி, மண்ணை உருட்டி ஓங்கிப் போட்டு, மேலே மிஞ்சியதைக் குச்சியால் வழித்துவிட்டு அச்சைக் கவிழ்த்தார். மணல் இருப்பதால் கல் ஒட்டாமல் நழுவி விழுந்தது. ஒரு கல்லுக்கு ஒரு நிமிடம்கூட ஆகவில்லை.

இதைச் செய்தவர்கள் யார் என்று மகள் கேட்டாள். அவர் வேலையை நிறுத்திவிட்டு எழுந்து வந்தார். அந்தக் காலத்தில் இவ்வூர் மக்களில் பாதிக்கு மேல் கறுப்பினத்தவர், அவர்களில் பெரும்பாலோர் அடிமைகள், செங்கல் களங்களில் பிள்ளைகளும் கல் சுமந்தார்கள் என்று சொன்னார். பழைய சுவர்களின் சில கற்களில் விரல் பதிந்த தடம் இருப்பதையும் அவர்தான் சொன்னார். காயாத கல்லைத் தூக்கிய கையின் தடம். மாலையில் நாங்கள் இருவரும் ஒவ்வொரு சுவராகத் தடவிப் பார்த்தபடி நடந்தோம்.

கோடை முழுக்க அறுத்துக் காயவைத்த கற்களை இலையுதிர் காலத்தில் காளவாசலாக அடுக்கி, விறகு போட்டு, இரவு பகலாகப் பல நாள் எரிக்கிறார்கள். முதலில் சிறு தீ. கல்லில் மிஞ்சிய ஈரம் ஆவியாகப் போன பிறகுதான் பெருந்தீ. தீவாய்க்கு அருகில் இருக்கும் கற்கள் பளபளவென்று சாம்பல் நீலம் ஏறி வரும். அவற்றைச் சுவரில் அழகுக்காக வைத்துக் கட்டியிருப்பதை அந்த ஊரிலேயே பார்க்கலாம். அந்த எரிப்பை நான் இன்னும் பார்க்கவில்லை. இந்த முறை அதற்காகவே தேதியைப் பார்த்துக்கொண்டிருக்கிறேன்.

*

செங்கல் கதையைப் படித்ததும் எனக்கு பீமிஷ் நினைவுக்கு வந்தது. இங்கிலாந்தின் டர்ஹாம் பகுதியில் 1970இல் ஃபிராங்க் அட்கின்சன் உருவாக்கிய அருங்காட்சியகம். மக்கள் எதைக் கொண்டுவந்து கொடுத்தாலும் வேண்டாம் என்று சொல்லாமல் வாங்கிச் சேர்த்தவர் அவர். நிலக்கரித் தொழிலாளர் குடியிருப்பு ஒன்றை வேறு ஊரிலிருந்து பெயர்த்து வந்து வரிசையாக நிறுத்தியிருக்கிறார்கள்.

அதில் ஒரு வீட்டில் அடுப்போரம் ஓர் அம்மா கந்தல் விரிப்பு போட்டுக்கொண்டிருந்தார். சட்டத்தில் சாக்குத் துணியை இழுத்துக் கட்டி, கிழிந்த கோட்டு, பழைய கால்சட்டை எல்லாவற்றையும் விரல் நீளத் துண்டுகளாக வெட்டி வைத்திருந்தார். முனை மழுங்கிய மரக்குச்சியால் சாக்கில் ஓட்டை போட்டு, துண்டின் ஒரு நுனியை நுழைத்து, பக்கத்து ஓட்டையில் மறு நுனியை இழுக்க வேண்டும். என் கையிலும் குச்சியைக் கொடுத்தார். நாற்பது நிமிடத்தில் நான் முடித்தது உள்ளங்கை அகலம். ஒரு விரிப்பு முழுதாக முடிய ஒரு குளிர்காலம் ஆகிவிடும் என்றார். புதிய விரிப்பு வாசலறைக்கு, பழையது சமையலறைக்கு, அதற்கும் பழையது நாய்க்கு.

ஏப்ரலில் நீராவி இயந்திரங்களின் திருவிழா நடத்துகிறார்கள். அன்று எல்லோரும் வண்டிகளைப் பார்க்கப் போய்விடுவார்கள். இந்த வீடுகளில் உட்கார இடம் கிடைக்கும். குடும்பத்தோடு போகிறவர்களுக்கு என் யோசனை இதுதான்.

*

விழா நாளில் போகலாமா என்பதில் எனக்கு வேறு கருத்து உண்டு. ஸ்டாக்ஹோமின் ஸ்கான்சென் இவை எல்லாவற்றுக்கும் மூத்தது. 1891இல் ஆர்தர் ஹசேலியஸ் தொடங்கியது. ஏப்ரல் 30 இரவு சொக்கப்பனை போலப் பெருந்தீ மூட்டி வசந்தத்தை வரவேற்பார்கள். ஜூனில் நடுக்கோடை விழா, டிசம்பர் 13 லூசியா விழா, 1903 முதல் நடக்கும் கிறிஸ்துமஸ் சந்தை. எல்லாமே பார்க்க வேண்டியவைதான். ஆனால் சந்தை நாளில் பழைய வீடு ஒன்றின் வாசலில் வரிசையில் நின்று, உள்ளே போய், இரண்டு நிமிடத்தில் வெளியே வந்துவிட்டேன்.

மழை தூறிய ஒரு செவ்வாய்க்கிழமை மறுபடி போனேன். அதே வீட்டில் நானும், அந்தக் கால உடையில் ஒரு பெண்மணியும் மட்டும். கம்பளி நூற்றுக்கொண்டிருந்தார். சாளரம் ஏன் இவ்வளவு சிறிது என்று கேட்டேன். அவர் விளக்கெதையும் ஏற்றாமல் அப்படியே இருக்கச் சொன்னார். பத்து நிமிடத்தில் கண் பழகிவிட்டது. அடுப்பு வெளிச்சத்தில் அவர் விரல்களும் நூலும் தெரிந்தன. சந்தை நாளில் இது நடந்திருக்காது. விழாவுக்கு ஒரு நாள், சும்மா ஒரு நாள் என்று இரண்டாகத் திட்டமிடுங்கள்.

*

மாசசூசெட்ஸில் உள்ள பிளிமத் பட்டக்செட் போகிறவர்களுக்கு ஒரு வேண்டுகோள். அங்கே இரண்டு பகுதிகள். ஆங்கிலேயக் குடியேறிகளின் கிராமத்தில் இருப்பவர்கள் 1620களின் மனிதர்களாகவே பேசுவார்கள். அதற்குப் பிறகு நடந்தது எதுவும் அவர்களுக்குத் தெரியாது. பூர்வகுடிகளின் பகுதியில் அப்படி இல்லை. அங்கே இருப்பவர்கள் பூர்வகுடிகளே. முன்னோரின் உடையை அணிந்திருந்தாலும் இன்றைய மனிதர்களாக, தங்களைப் பற்றிப் பேசுகிறார்கள்.

கிராமத்தில் நடிப்பைப் பார்த்துவிட்டு வந்த வேகத்தில் நான் ஒருவரிடம், “உங்கள் ஆட்கள் எல்லாம் எங்கே போனார்கள்?” என்று கேட்டுவிட்டேன். அவர் ஒரு பெரிய மரத்துண்டைத் தீயால் குடைந்து படகு செய்துகொண்டிருந்தார். நெருப்பு தின்ற இடத்தைச் சுரண்டுவதும் மறுபடி கங்கு வைப்பதும் என்று வேலை நடந்தது. கோபப்படவில்லை. தான் நடிகர் இல்லை என்றும், வாம்பனோவாக் என்ற தங்கள் பூர்வகுடி மக்கள் இங்கேதான் இருக்கிறார்கள் என்றும் சொன்னார். 1616 முதல் 1619 வரை பரவிய கொள்ளைநோயில் பட்டக்செட் என்ற ஊரே காலியானதையும், 1620இல் கப்பலில் வந்த ஆங்கிலேயர்கள் அந்த வெற்று ஊரில்தான் குடியேறினார்கள் என்பதையும் சுரண்டிக்கொண்டே விவரித்தார். அந்த இடத்தின் பெயரில் ‘பட்டக்செட்’ சேர்ந்ததே 2020இல்தான். பிள்ளைகளை அழைத்துப் போகிறவர்கள் வாசலிலேயே இந்த வித்தியாசத்தைச் சொல்லிவிடுங்கள்.

*

நான் டென்மார்க்கில் முதியோர் பராமரிப்பில் வேலை செய்கிறேன். ஓகூஸ் நகரத்தின் ‘டென் கம்லே பூ’வுக்குச் சுற்றுலாவாகப் போனதில்லை, மறதி நோயுள்ள நான்கு பேரைக் கூட்டிக்கொண்டு போனேன். 1914இல் திறந்த அந்த அருங்காட்சியகத்தில் 1927, 1974 என்று அந்தந்த ஆண்டுத் தெருக்கள் உண்டு. மறதி நோயுள்ளவர்களுக்காக 1950களின் குடியிருப்பு ஒன்றையும் அமைத்து, முன்பதிவு செய்த சிறு குழுக்களை மட்டும் உள்ளே விடுகிறார்கள். அங்கே எதையும் தொடலாம், இழுப்பறையைத் திறக்கலாம். அக்கால உடையணிந்தவர்கள் வரவேற்று, கோப்பிக்கொட்டையை அரைத்துத் தருவார்கள்.

எங்களோடு வந்த ஒரு அம்மா மாதக்கணக்கில் முழு வசனம் பேசியிருக்கவில்லை. தன் அறையில் எந்தப் பொருளைக் கொடுத்தாலும் மடியில் வைத்துக்கொண்டிருப்பார், அவ்வளவுதான். அங்கே கோப்பி அரைக்கும் சத்தம் கேட்டதும் எழுந்தார். நேராகச் சமையலறைக்குப் போய், வலது பக்கத்து இரண்டாவது இழுப்பறையைத் திறந்து, கரண்டிகளை எண்ணி எடுத்தார். எங்கள் தலைகளையும் ஒருமுறை எண்ணினார். ஒன்று குறைந்தது. திரும்பிப் போய் எடுத்து வந்தார். பிறகு எனக்குப் பக்கத்தில் அமர்ந்து, மேசை விரிப்பின் ஓரத்தை நீவிவிட்டபடி, “உட்கார், ஆறிப்போகும்” என்றார். ஏழு மாதமாக நான் அவருக்கு உணவு ஊட்டுகிறேன். அவர் என்னோடு பேசியது அன்றுதான் முதல் தடவை.

*

தொடங்கியவன் எழுதுகிறேன். டென்மார்க் பதிலை மனைவிக்கு வாசித்துக் காட்டினேன். என் மாமியாருக்கும் இரண்டு ஆண்டுகளாக மறதி. எழுதிய சகோதரிக்கு ஒரு கேள்வி: வேற்று மொழி பேசுகிறவர்களை அந்தக் குடியிருப்பில் சேர்த்துக்கொள்வார்களா, அல்லது வீட்டிலேயே ஒரு மூலையை அப்படி அமைக்க முடியுமா? எந்தப் பொருளிலிருந்து ஆரம்பிக்க வேண்டும் என்று மட்டுமாவது சொல்லுங்கள்.

வில்லியம்ஸ்பர்க் போகிறவர்கள் பிரே பள்ளியையும் சேர்த்துக்கொள்ளுங்கள். 1760 முதல் 1774 வரை நடந்த, கறுப்பினப் பிள்ளைகள் படித்த பள்ளி. அது முதலில் இயங்கிய கட்டடம் கல்லூரி வளாகம் ஒன்றில் வேறு பயன்பாட்டில் இருந்தது; இன்னதென்று அடையாளம் கண்டு 2023இல் வண்டியில் ஏற்றி ஊருக்குள் கொண்டுவந்து வைத்தார்கள். மகள் இந்த முறை முதலில் அங்கேதான் போக வேண்டும் என்கிறாள், பிறகு செங்கல் களம்.