சின்ன ஊர் நூலகத்தில் குளிர்காலத் தன்னார்வப் பணி: எச்-4 விசாவில் செய்யலாமா, எங்கே தொடங்குவது?

தஞ்சாவூர்க்காரி:

எல்லோருக்கும் வணக்கம். ஆகஸ்டில் இண்டியானா மாநிலத்துக் கொலம்பஸுக்குக் குடிவந்தோம். கணவருக்கு இங்கே வேலை, நான் எச்-4 விசா (வேலை விசாவில் வந்தவரின் குடும்பத்தாருக்குத் தருவது; அதில் பொதுவாகச் சம்பள வேலைக்கு அனுமதி இல்லை). மகனுக்கு மூன்றரை வயது. அக்டோபர் வரை பூங்கா, நடை என்று பொழுது போனது. இப்போது ஐந்தரைக்குள் இருட்டிவிடுகிறது. கணவர் வரும்வரை பெரியவர்கள் யாரிடமும் ஒரு வார்த்தை பேசாமலே பல நாள் கழிகிறது.

ஊர் நடுவில் அருமையான நூலகம் இருக்கிறது. கட்டடக் கலைஞர் ஐ.எம்.பெய் வடிவமைத்த செங்கல் கட்டடம், 1969இல் திறந்தது. முன்னால் சிற்பி ஹென்றி மூர் செய்த பெரிய வெண்கல வளைவு. அதன் கீழே ஓடி விளையாட மகனுக்குக் கொள்ளை ஆசை. உள்ளே போனால் நாலு படப்புத்தகம் எடுத்துக்கொண்டு வந்துவிடுவோம், அவ்வளவுதான்.

ஊரில் நான் பள்ளி ஆசிரியை. சும்மா உட்கார்ந்திருக்க முடியவில்லை. இந்த ஊர் நூலகங்களில் குளிர்காலத்தில் என்னென்ன நடக்கும்? தன்னார்வலர் என்றால் என்ன வேலை தருவார்கள்? எச்-4இல் இருப்பவர் செய்யலாமா? என் ஆங்கில உச்சரிப்பை நினைத்தால் கொஞ்சம் தயக்கமாகவும் இருக்கிறது. அனுபவம் உள்ளவர்கள் சொல்லுங்கள்.

ஏரிக்கரை:

நான் மிச்சிகனில் ஏரிப் பக்கம் ஒரு சின்ன ஊரில் இருக்கிறேன். நானும் எச்-4இல்தான் வந்தேன். கிரீன் கார்டு வந்து, பகுதிநேர வேலையும் கிடைத்த பிறகும் வாரத்தில் ஒரு காலைப் பொழுதை எங்கள் நூலகத்துக்கென்றே வைத்திருக்கிறேன். உங்கள் நூலகத்தில் எது எப்போது என்பதை அவர்களுடைய மாத நாள்காட்டியில் பார்த்துக்கொள்ளுங்கள். பொதுவாகச் சின்ன ஊர்களில் எப்படி நடக்கும் என்பதை நான் சொல்கிறேன்.

முதலில் விசா. இந்தப் பயத்தாலேயே நம் பெண்கள் பலர் வீட்டோடு இருந்துவிடுகிறார்கள். பொது நிறுவனத்துக்கோ லாப நோக்கில்லாத அமைப்புக்கோ, வழக்கமாகவே தன்னார்வலர்கள் செய்கிற வேலையை, சம்பளமோ அதற்கு ஈடான வேறு எதுவுமோ வாங்காமல் செய்தால் பிரச்சினை இல்லை. சம்பளத்துக்கு ஆள் வைத்துச் செய்யும் வேலையை இலவசமாகச் செய்து கொடுப்பதுதான் வம்பு. ஆண்டு முடிவில் அன்பாகப் பரிசு அட்டை கொடுத்தால்கூட வாங்காதீர்கள். ஐயம் இருந்தால் கணவரின் கம்பெனிக்கு விசா வேலை பார்க்கும் வழக்கறிஞரிடம் ஒரு மின்னஞ்சல் போட்டுக் கேட்டுவிடுங்கள்.

அடுத்து, போனவுடனே விண்ணப்பப் படிவம் கேட்காதீர்கள். சில வாரம் நிகழ்ச்சிகளுக்குப் போய் உட்காருங்கள். மகனுக்கு ஏற்றது கதை நேரம். குழந்தைகள் பிரிவு நூலகர் பாட்டு, கதை, கம்பளித் துணிப் பலகையில் ஒட்டி எடுக்கும் பொம்மைகள் என்று அரைமணி நேரம் நடத்துவார். பெரியவர்களுக்குப் பின்னல் குழு, புத்தகக் குழு. டிசம்பரில் பல ஊர்களில் வாசலருகே ஒரு மரம் வைப்பார்கள். கையுறை, குல்லாய் கொண்டுவந்து அதில் மாட்டினால் தேவைப்படுகிற பிள்ளைகளுக்குப் போய்ச் சேரும். ஜனவரியில் குளிர்கால வாசிப்புச் சவால் தொடங்கும். கட்டம் போட்ட தாள் ஒன்று தருவார்கள். படிக்கப் படிக்க நிரப்ப வேண்டும். பிப்ரவரியில் பழுப்புக் காகிதத்தில் பொதிந்து, பெயர் தெரியாமல் எடுத்துப்போகும் புத்தகங்கள். விதை நூலகம் (தோட்டம் போட விதை எடுத்துப்போகும் இடம்) இருக்கிற ஊர்களில் குளிர்காலக் கடைசியில் விதைப் பொட்டலம் போடும் வேலை இருக்கும். அங்கே வெண்டை விதையைப் பார்த்தால் மனசு குளிர்ந்துவிடும். ஆள் முகம் பழகிவிட்டால் வேலை கேட்பது சுலபம்.

வேலைக்கு இரண்டு வாசல் உண்டு என்று தெரிந்துகொள்ளுங்கள். ஒன்று நூலகமே நடத்தும் தன்னார்வத் திட்டம். படிவம், சில இடங்களில் காவல்துறைப் பின்புலச் சோதனை எல்லாம் உண்டு. குழந்தைகளோடு பழகும் வேலை என்றால் கட்டாயம் இருக்கும் என்றே வைத்துக்கொள்ளுங்கள். இன்னொன்று 'நூலக நண்பர்கள்' சங்கம். பெரும்பாலான ஊர்களில் அது தனி அமைப்பு. மக்கள் தரும் பழைய புத்தகங்களை விற்று, அந்தப் பணத்தை நூலகத்தின் நிகழ்ச்சிகளுக்குக் கொடுப்பார்கள். புதிதாக வந்தவருக்கு இந்த வாசல்தான் எளிது. புத்தகம் பிரிக்க அவர்களுக்கு எப்போதும் ஆள் பற்றாக்குறை.

பிரிக்கும் வேலை எனக்கு மிகவும் பிடிக்கும். வீட்டைக் காலி செய்கிறவர்கள் நிலவறையில் கிடந்த பெட்டிகளை அப்படியே கொண்டுவந்து இறக்குவார்கள். ஒவ்வொன்றையும் நடுவில் பிரித்து மோந்து பார்க்க வேண்டும். பூஞ்சை வாடை லேசாக வந்தாலும் தனியே எடுத்துவிட வேண்டும், இல்லாவிட்டால் பக்கத்தில் இருப்பதற்கும் பரவும். பழைய கலைக்களஞ்சியத்தையும் பாடநூலையும் பல சங்கங்கள் வாங்குவதே இல்லை. உள்ளே வைத்து மறந்த புகைப்படம், கடிதம், சில சமயம் பணம்கூட வரும். அதையெல்லாம் ஒரு உறையில் போட்டு முகப்பு மேசையில் கொடுத்துவிடுவோம்.

நூலகத்துக்குள்ளே என்றால் அலமாரி சரிபார்ப்பு. வாய் திறந்து பேசவே வேண்டாம், உச்சரிப்புக் கவலையும் இல்லை. புத்தக முதுகில் ஒட்டியிருக்கும் பொருள்வாரி எண்ணை மட்டும் கவனமாகப் படித்து, வரிசை மாறியிருந்தால் சரிசெய்ய வேண்டும். 641.5 சமையல், 641.5954 இந்தியச் சமையல். புள்ளிக்குப் பிறகு வருவது தசமம், ஆகவே 641.5954க்குப் பிறகுதான் 641.6 வரும். கணக்கு சொல்லிக் கொடுத்த ஆசிரியைக்கு இது ஒரு பெரிய விஷயமே இல்லை. ஆனால் இடம் மாறிய புத்தகம் தொலைந்த புத்தகம்தான். கணினி 'இருக்கிறது' என்று காட்டும், தேடி வந்தவர் வெறுங்கையோடு திரும்புவார்.

குளிர்காலத்தில் நூலகத்துக்கு மிகவும் தேவைப்படுகிற ஆள், வீட்டுக்குப் புத்தகம் கொண்டுபோகிறவர் என்பது என் எண்ணம். ஐஸ் படிந்த படியில் இறங்க எண்பது வயதுக்காரர் எப்படி வருவார்? ஒரு துணிப்பையில் பெரிய எழுத்துப் புத்தகங்களும் ஒலிப்புத்தகங்களும் எடுத்துப்போய்க் கொடுத்து, பழையதை வாங்கிவர வேண்டும். நான் போகும் வீட்டில் ஒரு பாட்டி துப்பறியும் கதைகளை விடாமல் படிப்பார். எதைப் படித்தோம் என்று மறந்துவிடும் என்பதற்காக, முடித்த புத்தகத்தில் 17ஆம் பக்கத்து மூலையில் பென்சிலால் சின்னதாக ஒரு புள்ளி வைப்பார். நான் பை கட்டும் முன் ஒவ்வொன்றிலும் அந்தப் பக்கத்தைத்தான் முதலில் புரட்டுவேன். புள்ளி இருந்தால் திரும்ப அலமாரிக்கு. வேறு சில புத்தகங்களில் வேறு பக்கங்களில் வேறு யாரோ வைத்த குறிகளும் கண்ணில் படும். புத்தகத்தில் எழுதக்கூடாதுதான், எங்கள் நூலகர் அந்தப் புள்ளிகளை அழிப்பதில்லை. அவர் செய்வது சரி.

இந்த வேலைக்குக் கார் ஓட்ட வேண்டும், பின்புலச் சோதனையும் உண்டு. அடுத்த ஆண்டுக்கு வைத்துக்கொள்ளுங்கள்.

ஒஹாயோக்காரன்:

இன்னொன்றும் உண்டு. பிப்ரவரி முதல் ஏப்ரல் நடுவரை பல நூலகங்களில் முதியவர்களுக்கும் குறைந்த வருமானம் உள்ளவர்களுக்கும் இலவசமாக வருமான வரி படிவம் நிரப்பிக் கொடுப்பார்கள். ஏ.ஏ.ஆர்.பி. என்ற முதியோர் நல அமைப்பு 1968 முதல் நடத்துகிறது. படிவம் நிரப்ப வரித்துறைத் தேர்வு எழுதித் தேற வேண்டும். வருகிறவர்களை வரவேற்று, காகிதங்களைச் சரிபார்த்து வரிசைப்படுத்தும் ஆட்களுக்கு வரிச் சட்டம் தெரிய வேண்டியதில்லை. ஆள் சேர்ப்பது இப்போதுதான், பயிற்சி ஜனவரியில் முடிந்துவிடும். விருப்பம் இருந்தால் தள்ளிப்போடாதீர்கள்.

இரட்டையர் அம்மா:

கதை நேரத்துக்குப் போகும்போது வீட்டில் இருக்கும் தமிழ்ப் படப்புத்தகம் ஒன்றை எடுத்துப்போய் நூலகரிடம் காட்டுங்கள். எங்கள் ஊரில் அப்படித்தான் தொடங்கியது. துளிகா பதிப்பகத்தின் தமிழ்-ஆங்கில இருமொழிப் புத்தகங்கள் இதற்கு வசதி; ஒரு பக்கம் நூலகர் ஆங்கிலத்தில் வாசிப்பார், நான் தமிழில். 'நிலா நிலா ஓடி வா' பாடினால் ஒரு வார்த்தை தெரியாத குழந்தையும் கை தட்டும். ஆசிரியை என்றால் உங்களுக்குச் சொல்லவே வேண்டாம்.

தஞ்சாவூர்க்காரி:

மிக்க நன்றி, எல்லோருக்கும். படிக்கப் படிக்கத் தெம்பாக இருக்கிறது. ஏரிக்கரை அக்கா, இன்னும் இரண்டு கேள்வி. வேலை செய்யும் நேரத்தில் மகனை உடன் வைத்துக்கொள்ளலாமா? நூலகரிடம் எப்படிப் பேச்சைத் தொடங்குவது?

ஏரிக்கரை:

மகனோடு முடியாதும்மா. அலமாரி வேலைக்கும் பிரிக்கும் வேலைக்கும் சின்னக் குழந்தையை விட மாட்டார்கள், விட்டாலும் உங்களுக்குக் கை ஓடாது. கணவர் வீட்டில் இருக்கும் சனிக்கிழமைக் காலையைக் கேளுங்கள். நண்பர்கள் சங்கத்துக்கும் பெரும்பாலும் அது தோதான நேரம்.

பேச்சு பற்றி: பொதுவாக 'ஏதாவது உதவி வேண்டுமா' என்று கேட்டால், 'இப்போதைக்கு இல்லை, நன்றி' என்று சிரித்துக்கொண்டே சொல்லிவிடுவார்கள். என்ன செய்ய முடியும், எப்போது முடியும் என்று நீங்களே சொல்லுங்கள். "நான் இந்தியாவில் ஆசிரியையாக இருந்தேன். சனிக்கிழமை பத்திலிருந்து பன்னிரண்டு வரை வர முடியும். விற்பனைப் புத்தகம் பிரிக்கவோ அலமாரி சரிபார்க்கவோ வரலாமா?" இவ்வளவு போதும். கிறிஸ்துமஸ் நெருக்கத்தில் அவர்கள் பாதிப் பேர் விடுப்பில் இருப்பார்கள், அதனால் ஜனவரி இரண்டாம் வாரம் போங்கள். ஆனால் வரி முகாமுக்கு வர ஆசை என்றால் அதை மட்டும் இந்த வாரமே கேட்டுவிடுங்கள்.