நாய்க்குப் பாரசிட்டமால் அளவுக்கு மீறிக் கொடுக்கப்பட்டுவிட்டது. உடனே என்ன செய்ய வேண்டும்?

கேள்வி:
எங்கள் நாட்டு நாய்க்கு நேற்றிரவு முதல் உடம்பு கொதித்ததால், வீட்டிலிருந்த 650 மி.கி. பாரசிட்டமால் மாத்திரையைக் காலை 8 மணிக்கு ஒன்றும் 11.30 மணிக்கு ஒன்றுமாக அப்பா தயிர்சோற்றில் பிசைந்து கொடுத்திருக்கிறார். நாயின் எடை சுமார் 10 கிலோ. இப்போது மணி 12. வழக்கம்போல வாலாட்டிக்கொண்டுதான் இருக்கிறது. உப்புநீர் புகட்டி வாந்தி எடுக்க வைக்கச் சொல்கிறார் பக்கத்து வீட்டுக்காரர். அதைச் செய்யலாமா, அல்லது மாலைவரை பொறுத்துப் பார்க்கலாமா?

பதில் 1:
தயவுசெய்து இரண்டையும் செய்யாதீர்கள். கால்நடை மருத்துவருக்குத் தொலைபேசியில் சொல்லிவிட்டு இப்போதே கிளம்புங்கள். உங்கள் கணக்குப்படி கிலோவுக்கு 130 மி.கி. உள்ளே போயிருக்கிறது, நாய்க்கு மருத்துவர்கள் எழுதுவதோ கிலோவுக்கு 10 முதல் 15 மி.கி. வரைதான், 100 மி.கி.யைத் தாண்டினால் கல்லீரல் கெடும் அபாயம் உண்டு. உப்புநீரால் இரத்தத்தில் சோடியம் ஏறி வலிப்பே வந்துவிடலாம். மருத்துவர் வாந்தி எடுக்க வைத்தால் முதல் ஓரிரு மணி நேரத்துக்குள் பலன் அதிகம் என்பதால், 11.30 மணி மாத்திரையை இன்னும் வெளியேற்ற வாய்ப்பிருக்கிறது. மாத்திரை அட்டையைக் கையோடு கொண்டுபோங்கள்.

பதில் 2:
நான் கால்நடை மருத்துவமனையில் பணிபுரிகிறேன். நாய் நன்றாக இருப்பதைக் கண்டு ஏமாந்துவிடாதீர்கள். பாரசிட்டமால் உடைந்து உருவாகும் நச்சுப்பொருளைக் கல்லீரலில் உள்ள குளூட்டதயோன் என்ற பாதுகாப்புப் பொருள் முறித்துக்கொண்டே இருக்கும். அந்தக் குளூட்டதயோன் தீர்ந்த பிறகுதான் செல்கள் சாகத் தொடங்கும், ஆகவே கல்லீரல் பாதிப்பு வெளியே தெரிய ஓரிரு நாள்கூட ஆகலாம். மேலுதட்டைத் தூக்கி ஈறைப் பாருங்கள்: இளஞ்சிவப்பு மாறிப் பழுப்பாகவோ நீலமாகவோ தெரிந்தாலும், முகமோ பாதமோ வீங்கினாலும், மூச்சு வாங்கினாலும் மருத்துவரிடம் முதலில் அதைச் சொல்லுங்கள். இதற்கு அசிடைல்சிஸ்டீன் என்ற மாற்றுமருந்து உண்டு. எவ்வளவு சீக்கிரம் தொடங்குகிறோமோ அவ்வளவு நல்லது.

கேட்டவர்:
இருவருக்கும் மனமார்ந்த நன்றி. ஊசி போட்டு வாந்தி எடுக்க வைத்ததில் சோற்றுடன் வெள்ளைத் துணுக்குகளும் வெளிவந்தன. கரித்தூள் கரைசல் புகட்டி, மாற்றுமருந்தையும் தொடங்கியிருக்கிறார்கள். கல்லீரல் நொதிகளைப் பார்க்க நாளையும் மறுநாளும் இரத்தம் எடுப்பார்களாம். மருந்து கலந்த சோறு தட்டில் கொஞ்சம் மீந்திருக்கிறது, வீட்டில் பூனையும் உண்டு. அதற்கும் ஆபத்தா?

பதில் 2:
நாயைவிடப் பூனைக்குப் பன்மடங்கு ஆபத்து. அரை மாத்திரைகூட அதன் உயிரைப் பறித்துவிடலாம். வீட்டுக்குத் தொலைபேசியில் சொல்லி அந்தச் சோற்றை உடனே அப்புறப்படுத்துங்கள். பூனை அதில் வாய் வைத்ததாகச் சிறு சந்தேகம் இருந்தாலும், அதையும் இப்போதே மருத்துவமனைக்குக் கொண்டுவரச் சொல்லுங்கள்.